ஒரு பலூன் பதிவைக் கொடுத்துப் பாருங்கள்: வளிமண்டல இயற்பியல் சேர்க்கைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேர்க்கைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இளநிலை இயற்பியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக வெப்ப இயக்கவியலும் மின்காந்தவியலும் கற்பித்துவரும் ஆசிரியன் நான். வளிமண்டல இயற்பியலில் முதுநிலைப் பட்டத்துக்கோ முனைவர் பட்டத்துக்கோ விண்ணப்பிக்க விரும்பும் மாணவர்கள் ஆண்டுதோறும் ஒருவரோ இருவரோ என்னைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறேன். இந்தப் படிப்பில் ஏன் சேர விரும்புகிறோம் என்று அவர்கள் எழுதும் நோக்க அறிக்கையைத் திருத்தித் தருகிறேன். உங்கள் முடிவு வரும்வரை அவர்களோடு சேர்ந்து நானும் காத்திருக்கிறேன். இந்த வேலையைச் செய்யச் செய்ய, உங்கள் விண்ணப்பப் படிவம் கேட்கும் கேள்விகளுக்கும் உங்கள் ஆய்வுக்கு உண்மையில் தேவைப்படும் திறமைக்கும் இடையே உள்ள தொடர்பு மிக மெலிந்தது என்ற எண்ணம் எனக்கு வலுப்பட்டுவிட்டது. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக முறையிடுவதைவிட உங்கள் அனைவருக்கும் பொதுவாக எழுதுவதே மேல் என்று இந்த மடலை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோக்க அறிக்கை கேட்பதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, மேலே ஏறியபடியே வெப்பநிலை, ஈரப்பதம், காற்று முதலியவற்றை அளந்து அனுப்பும் வானிலை பலூன் ஒன்றின் பதிவை விண்ணப்பதாரரிடம் கொடுத்து, அதில் அவருக்கு என்ன தெரிகிறது என்று 2 பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

நான் இதுவரை திருத்திய நோக்க அறிக்கைகளில் பெரும்பாலானவை ஒரு புயலில்தான் தொடங்கின. சிறுவயதில் ஜன்னலோரம் நின்று மின்னலைப் பார்த்த நினைவு, அதிலிருந்து வானத்தின் மீது வந்த தீராத வியப்பு, பிறகு கல்லூரியில் இயற்பியல், கடைசியில் உங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வு தன்னைப் பெரிதும் ஈர்த்தது என்ற பத்தி: வரிசை மாறுவதே இல்லை. மாணவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. முந்தைய ஆண்டுகளில் இடம் கிடைத்தவர்களின் அறிக்கைகளை வாங்கிப் படித்து, இப்படி எழுதினால்தான் நடக்கும் என்று அவர்களாகவே ஊகித்துக்கொள்கிறார்கள். இதில் என் பங்கும் உண்டு. "மிகுந்த ஆர்வம் கொண்டுள்ளேன்" என்று ஒரு மாணவி எழுதிவந்ததை அடித்துவிட்டு, அதே வெறுமையைக் கொஞ்சம் அழகான சொற்களில் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுத்தைச் சீர்செய்து தரும் மென்பொருள்கள் வந்தபிறகு அந்த உதவிகூட யாருக்கும் தேவைப்படவில்லை. எல்லா அறிக்கைகளும் ஒரே வழவழப்போடு வருகின்றன. அவற்றைப் படித்து ஒருவரை இன்னொருவரிடமிருந்து உங்களால் எப்படிப் பிரித்தறிய முடிகிறது என்பது எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெறும் மாணவர், தன் பாடத்திட்டத்தில் வளிமண்டலத்தைச் சந்திப்பதே அரிது. இலட்சிய வாயுவைப் படிக்கிறார். ஆனால் அந்த வாயு எப்போதும் ஓர் உருளைக்குள் உந்துதண்டின் கீழேயே அடைபட்டுக் கிடக்கிறது, அது 10 கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி மேகமாவதில்லை. கரும்பொருள் கதிர்வீச்சைப் படிக்கிறார். அது குவாண்டம் இயற்பியலின் பிறப்பைச் சொல்லும் கதையாக முடிந்துவிடுகிறது. சுழலும் சட்டகத்தில் தோன்றும் கொரியோலிஸ் விசைக்கு ஒரு வகுப்பு ஒதுக்கினாலே பெரிது. பாய்ம இயக்கவியல் பல இடங்களில் விருப்பப் பாடமாகக்கூட இருப்பதில்லை. இந்த மாணவரிடம் உங்கள் படிவம், "வளிமண்டல அறிவியலில் உங்கள் ஆய்வு ஆர்வத்தைத் துல்லியமாகக் குறிப்பிடுக" என்று கேட்கிறது. அருகில் ஓர் ஆய்வு நிறுவனம் இருந்து, அங்கே ஒரு கோடை விடுமுறையைக் கழித்த மாணவருக்கு அதற்கான சொற்கள் தெரியும். அவரைவிடக் கூர்மையாகச் சிந்திக்கக்கூடிய, ஆனால் அப்படியொரு வாய்ப்பு அமையாத மாணவருக்கு அந்தச் சொற்கள் தெரியாது. இருவரின் விடைகளையும் ஒப்பிடும்போது நீங்கள் அளப்பது யாருக்கு எந்த வாசல் திறந்திருந்தது என்பதை மட்டுமே.

துறையின் பெயர்க் குழப்பத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே வகை ஆய்வு ஓரிடத்தில் இயற்பியல் துறையிலும், மற்றோரிடத்தில் வானிலையியல் துறையிலும், வேறோரிடத்தில் புவி அறிவியலிலும், பொறியியலிலும், பயன்பாட்டுக் கணிதத்திலும் நடக்கிறது. மேக நுண்ணியற்பியல், கதிர்வீச்சுப் பரிமாற்றம், பெருங்காற்றோட்டங்களின் இயக்கவியல், தரையொட்டிய அடுக்கின் கொந்தளிப்பு, தொலையுணர்வு, மேல்வளிமண்டலம் ஆகிய எல்லாமே வளிமண்டல இயற்பியல்தான் என்றாலும், ஒன்றுக்குத் தேவைப்படும் முன்னறிவு இன்னொன்றுக்குத் தேவைப்படுவதில்லை. இந்த ஆண்டு உங்கள் துறையில் யார் மாணவரை எடுக்கிறார்கள், அந்த வேலை ஆய்வகத்தில் நடக்குமா, களத்தில் நடக்குமா, கணினி மாதிரியில் நடக்குமா என்ற விவரங்களை அறிவிப்பில் வெளியிட 10 வரி போதும். பெரும்பாலான அறிவிப்புகளில் அந்த 10 வரி இல்லை.

அதோடு ஒட்டிய இன்னொரு புதிர், நெறியாளருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதுவது. சில துறைகளில் ஒரு பேராசிரியர் முன்வந்து ஏற்றாலொழிய விண்ணப்பம் பரிசீலனைக்கே போவதில்லை. வேறு சில துறைகள் குழுவே முடிவெடுக்கும், பேராசிரியர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்கின்றன. இரண்டு முறைகளிலும் எனக்கு மறுப்பில்லை. எந்தத் துறை எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பது எழுதப்படாத இரகசியமாக இருப்பதுதான் கொடுமை. விதி தெரியாமல் யாருக்கும் எழுதாமல் விண்ணப்பித்த மாணவர், தன் விண்ணப்பத்தை எவரும் திறக்கவே இல்லை என்பதை அறியாமல், தன் தகுதிதான் போதவில்லை என்று நம்பிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அப்படிப் போனவரை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் துறையின் வரலாறே என் பக்கம் பேசுகிறது. ஓசோன் படலத்தின் வேதியியலை விளக்கியதற்காக 1995ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பால் குருட்சன், பாலம் கட்டும் பொறியாளராகப் பயின்றவர். பள்ளி இறுதித் தேர்வின்போது கடும் காய்ச்சலில் இருந்ததால் பல்கலைக்கழக உதவித்தொகைக்குப் போதுமான மதிப்பெண் அவருக்குக் கிடைக்கவில்லை. 1959இல் ஸ்டாக்ஹோமில் வானிலையியல் துறை ஒன்றில் கணினி நிரலாளராகச் சேர்ந்தபோது அவருக்கு நிரல் எழுதிய அனுபவமும் இல்லை. எட்வர்டு லோரென்ஸ் கணிதம் படித்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவத்துக்காக வானிலை கணிக்கப் போனதுதான் அவரை இந்தத் துறைக்குள் இழுத்தது, 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரை கணிக்கக்கூடியது எது என்ற கேள்வியையே மாற்றி எழுதியது. அன்னா மணி வைரத்தின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்த இயற்பியலாளர். முதுநிலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருடைய ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. பிறகு இலண்டனில் அவருக்குக் கிடைத்த உதவித்தொகை வானிலைக் கருவிகளைக் கற்பதற்கானது. அதை ஏற்றுக்கொண்டு போனவர்தான் பின்னாளில் இந்தியாவின் வானிலைக் கருவி உற்பத்தியையும் சூரியக் கதிர்வீச்சு அளவீட்டையும் கட்டியெழுப்பினார். இந்த மூவரில் யாராலும் 22 வயதில் உங்கள் படிவத்தின் "ஆய்வு ஆர்வம்" கட்டத்தை ஒழுங்காக நிரப்பியிருக்க முடியாது.

எதிர்த் திசையில் நடந்த பயணமும் உண்டு. 1894இல் இயற்பியலாளர் சார்லஸ் வில்சன் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சி வானிலை நிலையத்தில் சில வாரங்கள் தங்கியிருந்து, மேகங்களின் மீது சூரிய ஒளி உண்டாக்கிய வண்ண வளையங்களைப் பார்த்தார். அவற்றை ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்க்கும் ஆசையில் செய்த கருவிதான் முகிற்கூடம். மின்னேற்றத் துகள்கள் கடந்துபோகும் தடத்தைக் காட்டும் அந்தக் கருவி துகள் இயற்பியலுக்குக் கண்ணாக அமைந்து 1927இல் நோபல் பரிசையும் பெற்றுத் தந்தது. விதிவிலக்கான மனிதர்களைக் காட்டி விதியை மாற்றச் சொல்வது பலவீனமான வாதம் என்று நீங்கள் சொல்லலாம், நானும் ஒப்புக்கொள்கிறேன். எனவே பெரியவர்களை விட்டுவிட்டு என் மாணவர்களிடம் வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். உலகெங்கும் உள்ள வானிலை நிலையங்கள் ஒருங்கிணைந்த உலக நேரப்படி 0 மணிக்கும் 12 மணிக்கும் ஒரே சமயத்தில் பலூன்களைப் பறக்கவிடுகின்றன. அவை மேலே போகப் போக அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் திசை, வேகம் ஆகியவற்றை அனுப்புகின்றன. அந்தப் பதிவுகள் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியவை. வெப்பமண்டல நிலையம் ஒன்றின் பிற்பகல் பதிவை எடுத்து, நிலையத்தின் பெயரை நீக்கிவிட்டு, எண்களை மட்டும் அட்டவணையாக அச்சிட்டு மாணவர்களிடம் கொடுத்தேன். கணினி வேண்டாம், வரைபடத் தாள் போதும் என்றேன். ஒரு வாரம் அவகாசம். கேள்வி ஒன்றே: இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது, எது புரியவில்லை?

பெரும்பாலோர் முதலில் செய்தது வெப்பநிலையை உயரத்துக்கு எதிராக வரைந்ததுதான். அவர்களில் ஒரு மாணவி, வெப்பப் பரிமாற்றமில்லாமல் மேலெழும் உலர்காற்று எந்த வீதத்தில் குளிரும் என்பதைப் பாடநூலைப் பார்க்காமல் தானே வருவித்தாள். ஈர்ப்பு முடுக்கத்தை மாறா அழுத்தத் தன்வெப்பத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வருகிறது. அந்தச் சாய்வில் ஒரு கோட்டைத் தன் வரைபடத்தின் மீது வரைந்தபோது, தரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டர் வரை அளவீடும் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன; அதற்கு மேல் சில நூறு மீட்டர் தடிமனில் வெப்பநிலை குறைவதற்குப் பதிலாகக் கூடியது, அதே இடத்தில் ஈரப்பதம் சட்டென்று சரிந்தது; பிறகு மீண்டும் குறையத் தொடங்கியபோது வீதம் 6 டிகிரியை ஒட்டியே இருந்தது. வெயிலால் சூடான தரை கீழ்க்காற்றைக் கலக்கிவிட்டிருக்கிறது, அந்தக் கலக்கல் ஒரு மூடியில் முட்டி நிற்கிறது என்று அவள் எழுதினாள். அந்த மூடிக்குத் துறையில் ஒரு பெயர் உண்டென்பது அவளுக்குத் தெரியாது. தெரியாததால் எதுவும் குறைந்துபோகவில்லை.

மற்றொருவன் அந்த 6 டிகிரியில் மாட்டிக்கொண்டான். அது ஏன் 9.8 ஆக இல்லை என்பதே அவன் கேள்வி. முதலில் கருவி பிழையானது என்று எழுதி, அடித்துவிட்டு, நீராவியின் உள்ளுறை வெப்பத்தை எடுத்துக்கொண்டான்: கிலோகிராமுக்கு 25 இலட்சம் ஜூல். 1 கிலோகிராம் காற்றில் இருக்கும் வெறும் 1 கிராம் நீராவி நீராக மாறினால் அந்தக் காற்று முழுவதும் ஏறத்தாழ 2.5 டிகிரி சூடாகும் என்று கணக்கிட்டபோது, தன் முதல் முடிவு எவ்வளவு அவசரமானது என்பதை அவனே குறித்துவைத்தான். அடித்த வரிகள் தாளில் அப்படியே இருந்தன. நோக்க அறிக்கைகளில் அடித்த வரிகளை நீங்கள் பார்ப்பதில்லை. ஆனால் ஒருவர் தன் தவறை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதை உங்களுக்குக் காட்டக்கூடியவை அவைதான்.

மூன்றாமவனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்த மடல் எழுதப்படுவதற்கு அவனே காரணம். தேர்வுகளில் நடுத்தர மதிப்பெண், பேச்சில் தயக்கம். எல்லோரும் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் அட்டவணையில் காற்றின் வேகம் இருந்த நெடுவரிசையைப் பார்த்தான். பலூன் விநாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் ஏறுகிறது. 30 கிலோமீட்டர் உயரத்தை எட்ட அதற்கு 100 நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுவதும் சராசரியாக விநாடிக்கு 20 மீட்டர் காற்று ஒரே திசையில் வீசினால், பலூன் 120 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். அப்படியானால், நாமெல்லாம் தாளில் செங்குத்தாக வரைந்த கோடு உண்மையில் சாய்ந்து கிடக்கும் ஒரு நீண்ட பாதை, அதன் மேல்முனையும் கீழ்முனையும் வெவ்வேறு இடங்களின் வெவ்வேறு நேரத்துக் காற்றைச் சேர்ந்தவை என்று எழுதி, இந்தப் பதிவை "இந்த ஊரின் வளிமண்டலம்" என்று அழைப்பது எந்த அளவுக்குச் சரி என்று கேட்டிருந்தான். விடை சொல்லவில்லை. எந்த நிகழ்வுகளுக்கு அந்தச் சாய்வு பொருட்டில்லை, எவற்றுக்குப் பொருட்டு என்பதைப் பிரிக்க மட்டும் முயன்றிருந்தான்.

அவன் அந்த ஆண்டு 7 இடங்களுக்கு விண்ணப்பித்தான். எல்லாப் படிவங்களும் அவனிடம் அவனுடைய கதையைக் கேட்டன. அவனுக்குச் சொல்லும்படியான கதை இல்லை. அந்த 2 பக்கங்களைச் சேர்த்து அனுப்ப ஒரு படிவத்திலும் இடமில்லை. என் பரிந்துரைக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். ஆனால் பரிந்துரைக் கடிதங்கள் எல்லாமே புகழுரைகள் என்பதால் என் பத்தியும் புகழுரையாகவே வாசிக்கப்பட்டிருக்கும். 7 இடங்களிலிருந்தும் மறுப்பு வந்தது. எந்தத் துறை என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. உங்களில் எவர் அங்கே இருந்திருந்தாலும், அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு அதே முடிவைத்தான் எடுத்திருப்பீர்கள்.

என் யோசனைக்கு என்னென்ன மறுப்புகள் வரும் என்பதை நானும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். வேலைப்பளு முதலாவது, நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் படிக்கும் குழுவுக்கு இன்னொரு சுமையா என்பீர்கள். நான் கேட்பது 2 பக்க நோக்க அறிக்கைக்குப் பதிலாக 2 பக்க விடை. பக்கக் கணக்கு மாறுவதில்லை. ஒன்று கூடுதலாகச் சொல்வதென்றால், அத்தகைய விடைகளைப் படிப்பது அலுப்பூட்டுவதில்லை. என் வகுப்பு விடைத்தாள்களை ஒரே மாலையில் படித்து முடித்தேன்; நோக்க அறிக்கை ஒன்றைத் திருத்த எனக்கு 3 நாள் பிடிக்கிறது.

வேறு யாரிடமாவது எழுதி வாங்கிவிட்டால் என்ன செய்வது என்பது இதைவிட வலுவான மறுப்பு. மனிதரிடம் வாங்கலாம், மென்பொருளிடமும் வாங்கலாம். இதற்கு முழுமையான காப்பு என்னிடம் இல்லை. ஆனால் முதற்சுற்றில் தேறியவர்களிடம் அவர்களே எழுதிய 2 பக்கத்தை முன்வைத்து 20 நிமிடம் உரையாடினால் உண்மை வெளிப்பட்டுவிடும். "இந்த அடுக்கு இங்கே இல்லாதிருந்தால் மாலையில் என்ன நடந்திருக்கும்?" என்று கேளுங்கள், எழுதியவர் யோசிப்பார், எழுதாதவர் மனப்பாடத்தைத் தேடுவார். கொஞ்சம் குறும்பான யோசனை ஒன்றும் வைத்திருக்கிறேன்: அட்டவணையின் ஒரு வரியில் உயரத்தை மட்டும் சில நூறு மீட்டர் மாற்றி வையுங்கள். அழுத்தமும் வெப்பநிலையும் தெரிந்தால் இரண்டு மட்டங்களுக்கு இடையிலான தடிமனை, காற்றின் எடையையும் அழுத்தத்தையும் இணைக்கும் நிலைப்பாய்மச் சமன்பாட்டிலிருந்து கணக்கிட்டுவிடலாம் என்பதால், எண்களை நம்புவதற்கு முன் சரிபார்க்கும் பழக்கம் உள்ளவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அதைக் கண்டுபிடிக்காதவரைத் தள்ளிவிட வேண்டாம், கண்டுபிடித்தவரைத் தவறவிடாதீர்கள்.

வானிலையியலில் இளநிலை முடித்து வருபவர்களுக்கு இது அன்றாடப் பாடமாயிற்றே, இயற்பியல் மாணவருக்கு அது பாதகமாகாதா என்பதும் நியாயமான கேள்வியே. அப்படியானால் செவ்வாய்க் கோளின் வளிமண்டலத்தைக் கொடுங்கள். தரையழுத்தம் பூமியில் உள்ளதைப் போல 100இல் ஒரு பங்குக்கும் குறைவு, காற்றில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு, ஈர்ப்பு முடுக்கம் விநாடியின் வர்க்கத்துக்கு 3.7 மீட்டர், மேலெழும் காற்று குளிரும் வீதம் பூமியின் வீதத்தில் பாதியளவே. மனப்பாடம் செய்த 9.8 டிகிரி வீதம் அங்கே எவருக்கும் உதவாது, அதை வருவிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே வழி திறக்கும். கதிர்வீச்சு ஆய்வுக்கு ஆள் எடுப்பவர்கள், சூரியனிலிருந்து சதுர மீட்டருக்கு 1361 வாட் வந்து அதில் 10இல் 3 பங்கு திரும்பிப் போகும் பூமி 255 கெல்வினில் இருக்க வேண்டியது ஏன் 288இல் இருக்கிறது என்று கேட்கலாம். மேகங்களை ஆராய்பவர்கள் இதைவிட நல்ல கேள்வி ஒன்று வைத்திருக்கிறார்கள்: 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள மேகத்துளி 1 மில்லிமீட்டர் மழைத்துளியாவதற்குப் 10 இலட்சம் மடங்கு நீர் வேண்டும், நீராவி படிந்து வளர்வது மட்டும்தான் வழி என்றால் எவ்வளவு நேரமாகும், மழை அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லையே, ஏன்? ஆரத்தின் வர்க்கம்தான் நேரத்தோடு சீராகக் கூடுகிறது என்பதைக் கண்டுகொள்ளும் மாணவர், துளி பெரிதாகப் பெரிதாக வளர்ச்சி மந்தமாவதைப் பார்த்துவிட்டு, துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர வேண்டும் என்ற முடிவுக்குத் தானாகவே வந்து சேர்வார்.

தேர்வு மதிப்பெண்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதுநிலைச் சேர்க்கைக்கான ஜிஆர்இ போன்ற பொதுத் தேர்வுகளின் கட்டாயத்தை உங்களில் பலர் அண்மை ஆண்டுகளில் நீக்கியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் நீக்கிய இடத்தில் எதையும் வைக்காததால், அந்த எடை முழுவதும் நோக்க அறிக்கை மீதும் பரிந்துரைக் கடிதங்கள் மீதும் இறங்கிவிட்டது. அவை இரண்டும் அந்த எடையைத் தாங்கக்கூடியவை என்று எனக்குத் தோன்றவில்லை.

தோல்வியை எழுத ஓர் இடம் வேண்டும் என்பதையும் இந்தக் கோரிக்கையின் பகுதியாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். இயற்பியல் சமன்பாடுகளை எண்களால் தீர்த்து வானிலையைக் கணிக்கும் எண்முறை வானிலைக் கணிப்பை முதன்முதலில் கையால் கணக்கிட்டுப் பார்த்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், 6 மணி நேரத்தில் அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் கூடும் என்ற விடையைப் பெற்றார். அன்றைய தினம் அழுத்தம் ஏறத்தாழ மாறாமலே இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை. 1922இல் தன் முறையை வெளியிட்டபோது அந்தத் தவறான விடையையும் சேர்த்தே வெளியிட்டார். முறை சரியானது, தொடக்க நிலைத் தரவில் இருந்த சமனின்மைதான் விடையைக் கெடுத்தது என்பதைப் பின்வந்தவர்களால் கண்டறிய முடிந்ததற்குக் காரணம், அவர் தன் கணக்கு முழுவதையும் திறந்து வைத்திருந்ததுதான். 1950இல் தொடக்ககால மின்னணுக் கணினிகளில் ஒன்றான எனியாக்கில் 24 மணி நேரத்துக்கான கணிப்பு ஒன்று, ஏறத்தாழ அதே 24 மணி நேரம் ஓடி முடிந்தபோது, அவர் தொடங்கிய பாதை சரியென்று உறுதியானது. இன்று உங்கள் படிவத்தில் "சாதனைகள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. தவறாகப் போன கணக்கு ஒன்றையும், அது எங்கே தவறியது என்பதையும் எழுத ஒரு கட்டம் இல்லை. என் இரண்டாம் மாணவன் அடித்த வரிகளை அங்கேதான் வைத்திருப்பான்.

இதற்கெல்லாம் பெரிய செலவு ஏதுமில்லை. பலூன் பதிவுகள் பொதுவில் இருக்கின்றன. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலைக் கணிப்பு மையத்தின் இஆர்ஏ5 மறுபகுப்பாய்வுத் தரவு, அதாவது பழைய அளவீடுகளையும் கணினி மாதிரியையும் இணைத்து மீட்டெடுத்த வானிலைப் பதிவு, 1940 முதல் மணிக்கு மணி, உலகம் முழுவதற்குமாக இலவசமாகக் கிடைக்கிறது. துகள் இயற்பியலில் சேர விரும்பும் மாணவருக்கு முடுக்கி ஒன்றை முன்கூட்டியே கொடுத்துப் பார்க்க முடியாது. உங்கள் துறையில் உண்மையான அளவீட்டை உண்மையான வடிவத்திலேயே, வாசலுக்கு வெளியே நிற்பவரிடம் கொடுத்துவிட முடியும். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் சிறுவயதுப் புயல்களைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கடைசியாக ஒரு செய்தி. இந்த ஆண்டு 2 மாணவர்களுக்கு நான் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் படிவத்தில், இம்மாணவர் நான் கற்பித்தவர்களில் முதல் 1 விழுக்காட்டினரா, 5 விழுக்காட்டினரா, 10 விழுக்காட்டினரா என்று குறியிடச் சொல்லும் கட்டம் வரும். இதுவரை எல்லோரையும் போல நானும் முதல் கட்டத்தில் குறியிட்டு வந்தேன். அந்தக் கணக்குப்படி என் வகுப்பில் பாதிப்பேர் முதல் 1 விழுக்காட்டுக்குள் இருக்கிறார்கள். இம்முறை அதை வெறுமையாக விடப்போகிறேன். அந்த இடத்தில் அவர்கள் பலூன் பதிவைப் பற்றி எழுதிய 2 பக்கங்களை, அடித்தல் திருத்தல்களோடு அப்படியே இணைக்கிறேன். கட்டம் வெறுமையாக இருப்பதை அவர்களுக்கு எதிரான கருத்தாகக் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்